எண்ணுவது ஒளியைத்தானா? கையடக்கக் கவுன்டரோடு ஒரு குளிர்காலம்

முதல் ராத்திரி திரையில் நொடிக்கு 4,300 என்று ஓடியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மங்கலான ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய்க்குப் போகும் ஆயிரம் வோல்ட் சப்ளையை நான் இன்னும் போடவே இல்லை. குழாய் வேலையே செய்யாதபோது கவுன்டர் எதை எண்ணுகிறது? ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பள்ளத்தாக்கில், வீட்டுப் பின்னறையில், நவம்பரிலிருந்து இந்த ஒரு கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

குழாய் 931ஏ. பழைய ஆய்வுக்கூடக் கருவிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் கோயம்புத்தூரில் வாங்கினேன். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான கண்ணாடிக் குழாய், அடியில் பதினொரு கால்கள். உள்ளே இருக்கும் உலோகப் பூச்சில் ஒரு ஃபோட்டான், அதாவது ஒற்றை ஒளித்துகள், பட்டால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு எலக்ட்ரான் வெளியே வரும். அது அடுத்த தகட்டில் மோதி ஐந்து ஆறைக் கிளப்பும், அவை அதற்கடுத்த தகட்டில் மோதும். இப்படி ஒன்பது தகடுகள் தாண்டிக் கடைசியில் பத்து லட்சம் முதல் ஒரு கோடி எலக்ட்ரான்கள் வரை சேர்ந்து வந்து விழும். இவ்வளவு பெருகியும் வெளியே வருவது சில நானோவினாடி நீளமும் சில மில்லிவோல்ட் உயரமும் உள்ள ஒரு துடிப்புதான்.

கவுன்டரை நானே செய்தேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, ஏடிமெகா 328 சிப் உள்ள சின்ன போர்டு, இரண்டு வரி திரை, பேட்டரி. அந்தச் சிப்பின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது 62.5 நானோவினாடிக்கு ஒரு தடவைதான் அது கண் திறந்து பார்க்கும். பத்து நானோவினாடித் துடிப்பு அதன் முன்னால் வந்து போனாலும் தெரியாது. அதனால் முதலில் ஒரு ஆம்ப்ளிஃபயர், அப்புறம் நான் வைக்கும் மட்டத்தைத் தாண்டும் துடிப்பை மட்டும் காட்டித் தரும் வேகமான கம்பாரேட்டர், அப்புறம் துடிப்பை 200 நானோவினாடிக்கு நீட்டித் தரும் ஒரு சர்க்யூட். எல்லாரிடமும் கிடைக்கும் எல்எம்393 கம்பாரேட்டரைப் போட்டு இரண்டு நாள் வீணானது. இந்த வேலைக்கு அது மிகவும் மெதுவானது.

சரி, 4,300க்கு வருகிறேன். கம்பாரேட்டரின் மட்டத்தை மிகக் கீழே வைத்திருந்ததால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சலையே அது துடிப்பு என்று எடுத்துக்கொண்டது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 4,300 என்பது 900 ஆகி, 60 ஆகி, கடைசியில் பூஜ்யத்தில் நின்றது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: எந்த அளவீட்டையும் தொடங்கும் முன் உயர் வோல்டேஜை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுவேன். பூஜ்யம் வராவிட்டால் அன்றைக்கு அளவீடு இல்லை. இதைச் செய்து பார்க்கிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடவேண்டாம்.

அப்புறம் வோல்டேஜ். மங்கலான ஒரு பச்சை எல்இடியை மாறாத வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு 700 வோல்ட்டிலிருந்து ஐம்பது ஐம்பதாக ஏற்றினேன். எண்ணிக்கை முதலில் மளமளவென்று ஏறியது. 900க்கும் 1,000க்கும் நடுவில் சாய்வு குறைந்து கிட்டத்தட்ட சமதளமானது, அதற்கு மேலே மறுபடி ஏறியது. அந்தச் சமதளத்தின் நடுவில் 950ஐ எடுத்துக்கொண்டேன். அங்கே வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் எண்ணிக்கை அதிகம் ஆடாது. (ஆயிரம் வோல்ட் விளையாட்டல்ல. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். சப்ளைக்குக் குறுக்கே எப்போதும் ஒரு ரெசிஸ்டர் இருக்கட்டும், மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே மூடியைத் திறக்கவேண்டும். வோல்டேஜ் ஓடும்போது பெட்டியைத் திறந்து அறை வெளிச்சத்தைக் காட்டினால் குழாயும் பாழாகும்.)

டிசம்பர் இரண்டாம் வாரம் புதுத் தொந்தரவு. இருட்டில் குழாயை மூடி வைத்து, ராத்திரியின் வெவ்வேறு நேரங்களில், ஒவ்வொன்றும் ஒரு நொடியாக நூறு அளவீடு எடுத்தேன். சராசரி 402. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக வரும் துடிப்புகள் என்றால் அளவீடுகளின் சிதறல் (திட்ட விலக்கம்) சராசரியின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கவேண்டும், அதாவது இருபது. எனக்கு வந்தது 61. இந்தப் பாய்சான் கணக்கு நல்ல காவல்காரன். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று மேலே போயிருப்பேன்.

நேரத்தோடு சேர்த்து எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்த அளவீடுகளில் சிதறல் ஒழுங்காக இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு மேல் எடுத்தவற்றில்தான் திடீர் திடீரென்று ஐந்நூறு, அறுநூறு. எங்கள் பள்ளத்தாக்கில் அந்த நேரத்துக்கு என்ன நடக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போகவேண்டும், கேரட் கழுவும் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும். மறுநாள் கவுன்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கையடக்கமாகச் செய்ததன் பலன் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. குழாய் இல்லாமல் வெறும் கேபிளைச் செருகி, மோட்டார் பக்கத்தில் நின்றேன்.

“என்ன தம்பி, கரன்ட் ஒழுகுதான்னு பாக்குறீங்களா?” என்றார் இயந்திரக்காரர்.

“இல்லண்ணா, ஒரு தடவ நிறுத்திட்டுப் போடுங்க, பாக்கலாம்.”

போட்டார். திரையில் 0, 0, 0, 47, 3, 0. இன்னொரு தடவை கேட்டேன், 52. மோட்டார் கிளம்பும் பொறி என் கேபிளுக்கு வானொலி அலைபோல வந்துகொண்டிருந்தது. வீட்டில் குழாயையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிஸ்கட் டின்னுக்குள் கொண்டுவந்தேன். கேபிளைக் குட்டையாக்கி, அதன் மேலுறையை ஒரே இடத்தில் மட்டும் எர்த் செய்தேன். உயர் வோல்டேஜ் மாட்யூலையும் சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்து 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினேன். மறுபடி நூறு அளவீடு, அதே மூன்று மணிக்கு, இயந்திரம் ஓடும்போதே: சராசரி 398, சிதறல் 21.

மிச்சமிருக்கும் 398 எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வெப்பம். வெளிச்சமே படாமலும் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாமாகக் கழன்று வரும். மலையில் இருப்பது இதற்கு ஒரு வரம். வெயில் விழும் மதியம் அறை 21 டிகிரியில் இருக்கும்போது 1,100 காட்டிய அதே குழாய், ஜன்னலைத் திறந்து வைத்த ராத்திரியில் 9 டிகிரிக்கு இறங்கியதும் 400க்கு வந்தது. தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெள்ளையாகும் வாரங்களில் இன்னும் இறங்கியது. சமவெளியில் இதற்குக் குளிர்விக்கும் சாதனம் வைக்கவேண்டும்.

ஒரு சிறு பங்கு விண்ணிலிருந்து வருகிறது. காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியுவான் என்ற துகள்கள் குழாயின் கண்ணாடியைக் கடக்கும்போது மின்னல் கீற்றுபோல நீல ஒளி விட்டுப் போகும். கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்பது கணக்கு, இந்த உயரத்தில் கூடுதல். என் குழாய்க்கு நிமிடத்துக்குச் சில மட்டுமே, நானூறின் நடுவே அவை தெரியாது. இருந்தாலும் ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின், காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 கூடத்தில் பிளாஸ்டிக் பலகைகளில் எழும் இந்த மாதிரி ஒளிக்கீற்றுகளை இதே வகைக் குழாய்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நினைக்கும்போது, என் பிஸ்கட் டின்னுக்கு ஒரு பெரிய சொந்தக்காரர் பக்கத்து ஊரில் இருப்பதுபோலச் சந்தோஷமாக இருக்கிறது.

குளிர் வரம் என்றால் மூடுபனி சோதனை. பனி அறைக்குள் இறங்கிய ஒரு மாலை எண்ணிக்கை 400லிருந்து 3,000 வரை ஏறி ஏறி இறங்கியது. குழாயைக் கழற்றி டார்ச்சில் பார்த்தேன். சாக்கெட்டின் கால்களுக்கு நடுவே, ஊசிமுனை அளவில், வரிசையாகப் பனித்துளிகள். நூறு நூறு வோல்ட் வித்தியாசமுள்ள கால்களுக்கு இடையே அந்த ஈரம் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஹேர் டிரையரில் மெதுவாகக் காய வைத்து, டின்னுக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். குழாய் அறை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டதால் அன்று ராத்திரி முழுவதும் அதை இருட்டில் விடவேண்டியிருந்தது. எண்ணிக்கை படிந்து நிற்க அத்தனை மணி நேரம் ஆகும்.

இனி ஒளி. முதலில் கையில் இருந்த சிவப்பு லேசரைத்தான் வைத்தேன், கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை. குழாயைச் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையது. 931ஏவுக்கு நீலமும் ஊதாவும் நன்றாகத் தெரியும், பச்சை ஓரளவு, 650 நானோமீட்டர் சிவப்பு தெரியாது என்றே சொல்லலாம். பச்சை எல்இடிக்கு மாறினேன்.

1909இல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் ஒரு வாயுச் சுடரைப் புகைபடிந்த கண்ணாடிகளால் மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் போட்டோ தகட்டில் பதிய வைத்தார். மிக மங்கலான பதிவுக்கு 2,000 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். அவ்வளவு மங்கலிலும், ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் உண்டாக்கும் குறுக்கீட்டுக் கோடுகள் கூர்மை குறையாமல் இருந்தன. அதையே எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு மீட்டர் நீளப் பெட்டி. ஒரு முனையில் எல்இடியும் சின்னப் பிளவும். நடுவில் இரட்டைப் பிளவு: இரண்டு பிளேடு விளிம்புகளை 0.35 மி.மீ. இடைவெளியில் ஒட்டி, நடுவே ஒயரிலிருந்து பிரித்த 0.15 மி.மீ. செம்பு இழை ஒன்றை இழுத்துக் கட்டினேன். இரண்டு பிளவுகளின் மையங்களுக்கு இடையே 0.25 மி.மீ. அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி, குழாய்க்கு முன்னால் நகரும் பிளவு, அதைத் தள்ள 1 மி.மீ. மரை உள்ள ஒரு எம்6 திருகு. கணக்குப்படி கோடுகளுக்கு இடையே 1.06 மி.மீ., அதாவது திருகை ஏறக்குறைய ஒரு முழுச்சுற்று. திருகு வெளியே வரும் ஓட்டையில்தான் வெளிச்சம் கசிந்தது. டார்ச்சைப் பெட்டியைச் சுற்றி மெதுவாக நகர்த்தினால் அந்த இடத்தில் மட்டும் 400 என்பது 2,600 ஆனது. கறுப்பு வெல்வெட் துணி இரண்டு மடிப்புப் போட்டதும் நின்றது.

ஜனவரியில் ஒரு ராத்திரி, கால்சுற்றுக்கு ஒரு அளவீடு, ஒவ்வொன்றும் பத்து நொடி, 33 இடங்கள். இருட்டில் திருகு, எண், நோட்டு, மறுபடி திருகு. நடுவை நெருங்கும்போது நொடிக் கணக்கில் 1,100, 1,880, 980, 650, 960, 1,460 என்று வந்தது. எண்கள் அலையாக எழுந்து இறங்குவதை நோட்டில் எழுதும்போதே கை சில்லிட்டது, குளிரால் அல்ல. மேடுகளுக்கு நடுவே நான்கு கால்சுற்றுகள், கணக்கோடு ஒட்டி நின்றது. நடுவில் மொத்தம் ஐந்து மேடுகள். இருட்டு எண்ணிக்கையைக் கழித்தால் மேட்டில் 1,480, பள்ளத்தில் 250.

பெட்டிக்குள் ஒரே நேரத்தில் எத்தனை ஃபோட்டான்? பச்சை ஒளியில் குழாய் பிடிப்பது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே, நகரும் பிளவு உள்ளே விடுவதோ மொத்த ஒளியில் ஒரு சிறு பங்கு. இரண்டையும் சேர்த்து என் மதிப்பீடு, இரட்டைப் பிளவைக் கடப்பவை நொடிக்கு மூன்று லட்சம். ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று. என் பெட்டி ஒரு மீட்டர்.

ஆனால் இதை வைத்து ஒற்றை ஃபோட்டானை நிரூபித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எல்இடி எவ்வளவு மங்கினாலும் சில சமயம் இரண்டு மூன்றாகவும் அனுப்பும், அது ஒற்றை ஃபோட்டான் மூலம் ஆகாது. 1986இல் பிரான்சில் கிராஞ்சியேர், ரோஜே, அஸ்பே மூவரும், கால்சியம் அணுக்களிலிருந்து ஜோடியாக வரும் ஃபோட்டான்களில் ஒன்றை அடையாளமாக வைத்து, மற்றதை அரைக்கண்ணாடியில் (பாதி ஒளியை உள்ளே விட்டு, பாதியைத் திருப்பும் கண்ணாடி) விட்டு, அதன் இரண்டு பக்கமும் வைத்த டிடெக்டர்கள் ஒரே சமயத்தில் அடிப்பது எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு என்று காட்டினார்கள். அதுதான் சரியான சோதனை. அந்த மூலம் என்னிடம் இல்லை. ஆனால் இரண்டு குழாய்கள், ஒரு அரைக்கண்ணாடி, இரண்டும் சேர்ந்து அடிப்பதை எண்ணும் ஒரு கேட் இருந்தால், என் எல்இடியில் அப்படிச் சேர்ந்து அடிப்பது தற்செயல் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்றாவது பார்க்கலாம்.

கவுன்டரில் இரண்டாவது உள்ளீட்டுக்கு ஓட்டை போட்டாயிற்று. இரண்டாவது குழாய் போன வாரம் வந்தது. இப்போது டின்னுக்குள் இருட்டில் படிந்துகொண்டிருக்கிறது. வோல்டேஜ் இல்லாமல் ஒரு நிமிடம் எண்ணினேன், பூஜ்யம். வோல்டேஜ் போட்டதும் 1,900. நாளைக் காலைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கவேண்டும்.