பதினாறா, பதினாலா

அந்த ஒரு வரியை எதற்காகச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

“அவருக்குக் காது கேக்காது சார். டிபார்ட்மெண்டுக்கே தெரியும்.”

மேனேஜர் அறையில் வைத்துச் சொன்னேன். ஃபிட்டர் அண்ணன் எனக்கு வலது பக்கம் ஓரடி தள்ளி நின்றிருந்தார். அவரைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டால் மில்லில் நூல் நூற்கிற ஃப்ரேம்களின் சத்தம் வெறும் முணுமுணுப்பாகத்தான் வரும். அதனால் நான் சொன்னது அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. கையிலிருந்த துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

2021. இரண்டாம் அலை ஓய்ந்து மூன்று ஷிப்டும் திரும்ப ஓடத் தொடங்கியிருந்த நேரம். முந்தின நாள் முழு நைட்டில் நான்தான் ரிங் ஃப்ரேம் சூப்பர்வைசர். ஒரு மணி இருக்கும், லேபிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார்கள். நாற்பதாம் கவுண்ட் பருமனில் நூல் ஓடவேண்டிய ஒரு ஃப்ரேமில் ரேப்பிங் பார்த்ததில், அதாவது நூலை அளந்து எடைபோட்டதில், நூல் தடித்து வருகிறது, கியர் வீலில் ஒரு பல் மாற்றச் சொல்லுங்கள் என்றார்கள். பதினாறாம் நம்பர் ஃப்ரேம். பேடும் பேனாவுமாக நடந்து போனேன். அண்ணன் பதினொன்றாம் ஃப்ரேம் தலைமாட்டில் குத்தவைத்து கியர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். குனிந்து அவர் காதுப்பக்கம் சொன்னேன்.

“அண்ணே, பதினாறு. வீல் மாத்துங்க. ஒரு பல்லு.”

“சரி தம்பி” என்று தலையை ஆட்டினார்.

காலையில் பார்த்தால் பதினாலில் வீல் மாறியிருக்கிறது. சரியாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரேம் கெட்டுப்போய், கெட்டிருந்த ஃப்ரேம் கெட்டபடியே ஓடியிருக்கிறது. இரண்டிலும் நூல் சுற்றிய பாபின்கள், நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோகோனர் மெஷினுக்குப் போய்க் கலந்துவிட்டன. கலந்த நூல் பின்னலில் பட்டை பட்டையாகத் தெரியும், திருப்பூர் பார்ட்டி அப்படியே திருப்பிவிடுவார்கள். அந்த லாட்டை முழுக்க ஒதுக்கிவைக்க வேண்டியதாகிவிட்டது.

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு நான் என்ன செய்யத் தவறினேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். எண்ணை வாயால் சொன்னால் மட்டும் போதாது, விரலால் காட்டவேண்டும். பத்து விரலையும் விரித்து மூடி, அப்புறம் ஆறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம். நான் காட்டவில்லை. ஒரு கையில் பேட், ஒரு கையில் பேனா. கீழே வைக்க இரண்டு நொடி ஆகியிருக்காது. ஆனால் அன்று ஃப்ரேம் பார்க்கிற சைடர்கள் ஐந்து பேர் வரவில்லை, நூல் அறுந்து அறுந்து கிடக்கிறது, நிரம்பிய பாபினை மாற்றுகிற டாஃபிங் வேறு தள்ளிப்போகிறது. இதையெல்லாம் சாக்கு என்று சொல்பவர்கள் ஒரு முழு நைட் நின்று பார்த்தால் தெரியும். இப்படி எழுதும்போதே சாக்குதான் என்றும் தோன்றுகிறது.

மாஸ்க் விஷயம் வேறு இருக்கிறது. அண்ணன் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். ரிங் ஃப்ரேமில் எல்லோரும் ஓரளவு அப்படித்தான். குனிந்தபோது மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டுத்தான் பேசினேன் என்று எனக்கு ஞாபகம். இழுத்துவிட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று பிறகு கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். பதினாறு, பதினாலு. உயிரெழுத்து எல்லாம் ஒன்று, கடைசி எழுத்தில் ஒரே ஒரு மெய்தான் வேறு. அந்த வேறுபாடும் நாக்குக்குள் நடக்கிறது, உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசைகிறது.

அண்ணனுக்கும் எனக்கும் அதற்கு முன்னாலேயே சரியில்லை. கேண்டீனில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். டாஃபிங் பெண்கள் வந்து, “அண்ணன்கிட்ட சொன்னா மதிக்கவே மாட்றாரு சார்” என்பார்கள். சாதாரணமாகச் சொன்னால் பதில் வராது, சத்தம் போட்டுச் சொன்னால், “எதுக்குத் தம்பி கத்துறீங்க? நான் என்ன செவிடனா?” என்று முகம் சிவந்துவிடும். அனுபவசாலி என்கிற திமிர் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவர் முனையை கியர்பாக்ஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, எந்த பேரிங் போகப்போகிறது என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவார். கடைசி சில வருடங்களில் ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்தபோதாவது எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது தெரிந்த விஷயங்களை அப்போதே தெரிந்ததுபோல எழுதக்கூடாது என்று பார்க்கிறேன். இரைச்சலால் போகிற காது ஒரேயடியாகப் போவதில்லை. உள்காதில் இருக்கிற மயிரிழை போன்ற செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, செத்தது திரும்ப முளைக்காது. முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற கீச்சு ஒலிகள். ச, த, ப போன்ற மெல்லிய மெய்கள் தேய்ந்துபோகும், உயிர் ஒலிகள் அப்படியே கேட்கும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஆம்பளைக் குரலைவிடப் பெண்கள் குரல் மங்கிப்போகும். இன்னொன்றும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காத அந்தக் காதுக்குப் பெரிய சத்தம் வழக்கத்தைவிட வேகமாக ஏறி வலிக்கும். “எதுக்குக் கத்துறீங்க” என்று அவர் கேட்டது வலியில்தான். டாஃபிங் பெண்கள் சொன்ன புகாருக்கும், என்னிடம் அவர் எரிந்து விழுந்ததற்கும் காரணம் இந்த ஒன்றுதான். அத்தனையும் அவர் குணம் என்றே டிபார்ட்மெண்டில் பேசினோம்.

சரி, காலைக்கு வருகிறேன்.

ஆறரை மணிக்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். “பதினாறாம் ஃப்ரேமில் வீல் மாற்றச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்கவில்லை. பதினாலில் மாற்றிவிட்டார்.” காதில் விழவில்லை என்கிற அர்த்தத்தில்தான் எழுதினேன் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நம் பேச்சில் “சொன்னதைக் கேட்கவில்லை” என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை என்றால் எந்தத் தாயும் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகமாட்டாள். எல்லோரும் எடுத்துக்கொள்கிற அர்த்தத்திலேயே மேனேஜரும் எடுத்துக்கொண்டார். கீழ்ப்படியாமை, ஒரு வாரம் சஸ்பென்ஷன் என்று பேச்சு போனது.

அப்போதுதான் அண்ணன் சொன்னார். சண்டையாகச் சொல்லவில்லை, நிதானமாகவே சொன்னார். “தம்பி பதினாலுன்னுதான் சொன்னாரு சார்.”

அதற்குப் பதிலாக வந்ததுதான் என்னுடைய அந்த வரி.

அவரைக் காப்பாற்றச் சொன்னேன் என்று ஒரு பக்கம் தோன்றும். அந்த வரிக்குப் பிறகு சஸ்பென்ஷன் பேச்சு நின்றுபோனது. வேண்டுமென்று செய்யவில்லை, காது கேட்காமல் நடந்தது என்று ஆகிவிட்டது. சம்பளம் பிடிக்கவில்லை, மெமோவும் இல்லை. வேறு யாராவது என் இடத்தில் இருந்தால் அவர் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். இதை மனைவியிடம் சொன்னபோது, “அப்ப நல்லதுதானே பண்ணிருக்கீங்க” என்றாள்.

ஆனால் அண்ணன் சொன்னது என் வார்த்தைக்கு எதிர் வார்த்தை. அதை நிற்கவிடாமல் செய்ய என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். காது கேட்காதவர் என்று சொல்லிவிட்டால் அவர் கேட்டதாகச் சொல்கிற எதற்கும் மதிப்பில்லை. அந்த நொடியில் இரண்டில் எது என் மனதில் முன்னால் நின்றது? இரண்டும் இருந்தது என்று சொன்னால் நாணயமான பதில்போல இருக்கிறது, ஆனால் அதுவும் தப்பித்துக்கொள்கிற பதில்தான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. “ஏன்யா, எத்தனை வருஷமா இப்படி?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. கேள்வி காதில் விழவில்லையா, பதில் சொல்ல விருப்பமில்லையா, தெரியவில்லை. தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். சோதனைத் தாளில் இரண்டு காதுக்குமான கோடு மேல்பக்க அலைவரிசையில் பள்ளமாக விழுந்திருந்தது. ஓடுகிற மெஷின் பக்கத்தில் ஆபத்து என்று வேஸ்ட் குடோனுக்கு மாற்றினார்கள், மூட்டை எடைபோடுகிற வேலை. 29 வருடம் ஃபிட்டராக இருந்தவர். நைட் அலவன்ஸ் போயிற்று. வேலை போகவில்லையே, பகல் ஷிப்ட்தானே, அமைதியான இடம்தானே என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த அமைதியில்தான் அவருக்குக் கஷ்டம் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ரிங் ஃப்ரேமில் எல்லோருமே செவிடர்கள்தான், எல்லோரும் உதட்டையும் விரலையும் பார்த்துத்தான் வேலை பார்க்கிறோம். அங்கே அவர் எங்களைவிடக் கெட்டிக்காரர். குடோனில் மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சாதாரணக் குரலில் பேசுவார்கள், அவர் ஒருவர்தான் தனியாக நிற்பார்.

நஷ்ட ஈடு கேட்கலாம் என்று யூனியன்காரர் ஒருவர் முயன்றார். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில், இரைச்சலால் வரும் காது இழப்பும் இருந்தது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் எல்லை என்பதும் அப்படித்தான். எங்கள் டிபார்ட்மெண்டில் அதற்கு மேல்தான் இருக்கும். காதில் வைக்கிற பஞ்சுத்தக்கை ஆபீஸ் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தது, நானும் போட்டதில்லை, யாரையும் போடச் சொன்னதில்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழ் வாங்கலாமா என்று பார்த்தார்கள். இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசையில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் கணக்கில் வரும். அண்ணனுக்கு இழப்பு பெரும்பாலும் மேல் அலைவரிசையில் என்பதால் சராசரி அந்த எல்லையைத் தொடவில்லை. காகிதத்தில் அவர் செவிடர் இல்லை. என் வாயால் மட்டும்தான் அவர் செவிடர் ஆனார்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

அவர் விஷயத்துக்குப் பிறகு டிபார்ட்மெண்டில் எல்லோருக்கும் காது பார்த்தார்கள். எனக்கும். என் தாளிலும் அதே இடத்தில் பள்ளம். அவருடையதைவிட ஆழம் குறைவு, ஆனால் பள்ளம் பள்ளம்தான். டெக்னீசியன் அம்மா, “உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சு சார், ராத்திரியில காதுல ஙொய்ங்குன்னு சத்தம் வருதா?” என்று கேட்டார். வருகிறது. பல வருடமாக வருகிறது. எல்லோருக்கும் வரும் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அந்த இரவை இன்டர்காமிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். லேபில் பேசியது ஒரு சின்னப் பெண், மெல்லிய குரல். ஃப்ரேம் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பதினாறு என்று சொன்னாள். லேப் சிலிப்பிலும் பதினாறு என்றுதான் இருக்கிறது, நான் பார்த்தேன். ஆனால் சிலிப்பை நான் பார்த்தது காலையில், ரிப்போர்ட் எழுதுவதற்குச் சற்று முன்னால். இரவில் என் காதில் விழுந்தது எது? அண்ணனிடம் நான் சொன்னது எது? பதினாறு என்று சொன்ன என் குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகம் இரவில் உண்டானதா, சிலிப்பைப் பார்த்த பிறகு உண்டானதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பேடில் குறித்துக்கொண்டேனா என்று தேடினேன். குறிக்கவில்லை. மாஸ்க்கை இழுத்துவிட்டேன் என்கிற ஞாபகமும் இப்போது அதே மாதிரிதான் ஆகிவிட்டது.

அவர் நிதானமாகச் சொன்னாரே, அது இப்போது வேறு மாதிரி கேட்கிறது.

மேனேஜரிடம் போய் இதைச் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். உறுதியாகத் தெரியாத ஒன்றை என்னவென்று சொல்வது? சொன்னாலும் அண்ணனைத் திரும்ப ஃப்ரேம் பக்கம் விடமாட்டார்கள், காது சோதனைத் தாள் இருக்கிறது. என்னையும் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள், பெண்ணை இப்போதுதான் காலேஜில் சேர்த்திருக்கிறேன். இந்தக் கணக்கெல்லாம் சரியான கணக்குதான். ஒவ்வொன்றும் எனக்குச் சாதகமாகவே முடிகிறது என்பதுதான் உறுத்துகிறது.

போன தை மாதம் குடோனுக்குப் போனேன். அண்ணன் தராசு பக்கத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். எதிரில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு சொன்னேன். “அண்ணே, அன்னைக்கு ராத்திரி நான் பதினாலுன்னு சொல்லிருக்கலாம். எனக்கே இப்ப நிச்சயமாத் தெரியல. மேனேஜர் ரூம்ல நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது.” கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேகமாகப் பேசினேன், பாதியில் தலையைக் குனிந்துகொண்டேன் என்றும் நினைக்கிறேன்.

“சரி தம்பி, சரி தம்பி” என்று தலையை ஆட்டினார். பிறகு, “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார்.

சௌக்கியம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றினார், நானும் ஒரு கை பிடித்தேன். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்ததும் வந்துவிட்டேன்.

எழுதிக் காட்டியிருக்கலாம். அவர் நோட்டு திறந்துதான் கிடந்தது, என் சட்டைப்பையில் பேனா இருந்தது.