கீழே நிற்கிறவன் கூலி

போன மாசம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வேப்பமரம். தொடைத் தடிமனில் ஒரு கிளை, நேரே ஓட்டுக்கூரைக்கு மேல். அதை வெட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காபி கொடுத்த வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, “வேலையை எப்பண்ணே ஆரம்பிப்பீங்க?” என்றார். ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

25 வயதில் இடுப்பில் கயிறு கட்டியது கிடையாது. அரிவாளைச் செருகிக்கொண்டு கொம்புக்குக் கொம்பு தாவுவேன். இப்போது 52. முழங்கால் ஏறும்போது பொறுத்துக்கொள்கிறது, இறங்கும்போதுதான் கணக்குக் கேட்கிறது. அதனால் ஏறுவதற்கு முன்பே முக்கால் வேலையைக் கண்ணால் முடித்துவிட வேண்டியிருக்கிறது. கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா, முசுறு எறும்பு ஓடுகிறதா, எந்தக் கொம்பு உள்ளே செத்துக் கிடக்கிறது, கரண்ட் கம்பி எவ்வளவு தூரம். வாலிபத்தில் முசுறு கடித்தால் ஒரு கையால் தட்டிவிட்டு மறு கையால் தொங்கலாம். இப்போது அந்த மறு கையை நம்புவதில்லை. (முருங்கையில் எந்த வயதிலும் ஏறியதில்லை. அது சொல்லாமல் ஒடியும்.)

பார்க்காமல் வெட்டியதற்கு ஒரு தடவை நடுங்கியிருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. வேரும் மண்ணுமாகப் பெயர்ந்த ஒரு மாமரத்தை மிஷின் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். வேர் பெயர்ந்த குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த கூட்டாளி, தீப்பெட்டி கேட்டு எழுந்து என்னிடம் வந்தான். அதற்குள் அடிமரம் அறுந்தது. பாரம் விட்டதும் வேர்க்கட்டு அப்படியே திரும்பிக் குழிக்குள் ‘தொப்’பென்று உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பீடி அவன் வாயிலேயே இருந்தது.

அந்த வேப்பங்கிளைக்கு வருகிறேன். என் அக்கா மகன்தான் ஏறினான். கிளையில் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே விட்டான். நான் அதை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுற்றுதான் பாரத்தைத் தாங்கும், கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் போதும். கிளையின் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டுத்தான் மேலிருந்து அறுக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் பட்டை அடிமரம் வரைக்கும் உரிந்துகொண்டு வரும். முன்பெல்லாம் முழுக்கிளையை ஒரே மூச்சில் தள்ளுவேன். இப்போது நாலு துண்டாக இறக்குகிறோம். நேரம் கூடத்தான் ஆகிறது. ஓடு ஒன்றுகூட உடையவில்லை.

வம்பு வந்தது கூலியில். எங்கள் பக்கம் ஏறுகிறவனுக்குத்தான் பெரிய கூலி, கீழே நிற்கிறவனுக்குக் குறைச்சல். வீட்டுக்காரரும் அப்படித்தான் எண்ணி நீட்டினார். நான் இப்போதெல்லாம் மரத்துக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி, சரிபாதியாகப் பிரிக்கிறேன்.

“மேலே ஏறுறது நான்தானே மாமா?” என்று முணுமுணுத்தான் பையன்.

கயிறு நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. 25 வயதில் நானும் இப்படித்தான் கேட்டேன். நான் வெட்டிய கிளைக்குக் கீழே நின்று கயிறு பிடித்த பெரியவர் அன்றைக்கு அந்தக் குறைச்சல் கூலியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார்.