40 சென்டிலிருந்து 3 சென்ட் வரை: மேற்கு எல்லையின் அஞ்சல் உறைகளைச் சேர்த்த அனுபவம்

1848-இல் அரையவுன்ஸ் எடையுள்ள கடிதம் ஒன்றை அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே அனுப்ப 40 சென்ட் ஆனது. 1863-இல் அதே எடைக்கு 3 சென்ட் போதும். இடையில் கட்டணம் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாட்சியாக, அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் உண்மையாகவே பயணம் செய்த ஓர் உறையையாவது வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் சேகரிப்பின் திட்டம்.

குடியேற்றம் பரவிக்கொண்டிருந்த அமெரிக்க மேற்கு எல்லையின் அஞ்சல் என்றாலே ஊர் முத்திரைகளைச் சேர்ப்பவர்கள்தான் அதிகம். டகோட்டா, அரிசோனா, மொன்டானா ஆகியவை மாநிலங்களாக ஆவதற்கு முன் பிரதேசங்களாக இருந்த காலத்து முத்திரைகள் கண்ணுக்கு நிறைவானவை. எனக்கும் அவற்றின் மேல் ஆசை உண்டு. ஆனால் அந்தப் பாதைக்கு முடிவே கிடையாது. ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், கண்காட்சி மேசையில் ஓர் உறையை எடுத்த மாத்திரத்திலேயே இது எனக்கு வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லிவிட முடிகிறது. பணமும் மிச்சமாகிறது.

வரிசையில் முதலாவது, 1848 ஆகஸ்ட் 14-ஆம் தேதிச் சட்டம் வகுத்த 40 சென்ட் கட்டணம். இதற்கு என்னிடம் இருப்பது உறையே அல்ல. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து மூடி, வெளிப்புறத்தில் முகவரி எழுதியிருக்கிறார்கள். தபால்தலை இல்லை. அமெரிக்க அரசு 1847 ஜூலையிலேயே 5 சென்ட், 10 சென்ட் தலைகளை வெளியிட்டுவிட்டது; என்றாலும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த கடிதங்களில் அவற்றைப் பார்ப்பது மிக அரிது. என் கடிதத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வட்ட முத்திரையும் '40' என்ற எண்ணும் மட்டுமே இருக்கின்றன. 'பெய்டு' (கட்டணம் செலுத்தப்பட்டது) என்ற முத்திரை இல்லாததால், பணம் கொடுத்தவர் கடிதத்தைப் பெற்றவர்தான். நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தந்தை 40 சென்ட் எண்ணிக் கொடுத்து மகனின் கடிதத்தை வாங்கியிருக்கிறார். உள்ளே தங்கத்தைப் பற்றி இரண்டு வரி. மழையைப் பற்றி ஒரு பக்கம்.

ஏன் அவ்வளவு கட்டணம் என்பதற்குப் பாதையே பதில் சொல்லும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் மெயில் நிறுவனத்தின் நீராவிக் கப்பலில் பனாமா வரை. அங்கே பூசந்தியைக் கோவேறு கழுதையிலும் படகிலும் கடந்து அட்லாண்டிக் பக்கம். அங்கிருந்து இன்னொரு கப்பலில் நியூயார்க். பனாமா ரயில்பாதை 1855 ஜனவரியில்தான் முடிந்தது. என் கடிதம் அதற்கும் முந்தையது, அதாவது கழுதை முதுகில் போனது.

அதே சட்டத்தில் இன்னொரு கட்டணமும் உண்டு: பசிபிக் கரைக்குள்ளேயே அனுப்பும் கடிதத்துக்கு 12½ சென்ட். அரை சென்ட் எதற்கு என்று முதலில் வியந்தேன். அப்போது அமெரிக்காவில் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் சட்டப்படியே புழங்கின. ஒரு டாலருக்கு எட்டு ரியால். ஒரு ரியால் 12½ சென்ட். கையில் ஒரு ரியால் இருந்தால் கடிதத்தை அனுப்பிவிடலாம். இந்தக் கட்டணத்துக்கான கடிதம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

1851 ஜூலை 1 முதல், 3,000 மைலுக்கு மேற்பட்ட தொலைவுக்கு முன்பணம் கட்டினால் 6 சென்ட், கட்டாவிட்டால் 10 சென்ட். இரண்டுமே கைவசம் வந்துவிட்டன. 6 சென்டுக்கு என்று தனித் தலை அப்போது இல்லாததால், 3 சென்ட் தலைகள் இரண்டை ஒட்டியிருக்கிறார்கள். தலைகளைப் பிரித்தெடுக்க இடையில் துளையிடாத காலம் அது. கத்தரிக்கோலால் வெட்டிய ஜோடி, ஒரு பக்கம் சற்றே கோணலாக இருக்கிறது. சந்தையில் ஓரங்கள் சீராக இருக்கும் ஜோடிக்குத்தான் விலை. எனக்கு அந்தக் கோணல் வெட்டு பிடித்திருக்கிறது.

1855 ஏப்ரல் 1-இல் கட்டணம் 10 சென்டாக ஏறியது, முன்பணமும் கட்டாயமானது. அதற்காகவே பச்சை நிறத்தில் வாஷிங்டன் உருவம் பொறித்த 10 சென்ட் தலை அந்த ஆண்டு வந்தது. 1856 தொடக்கத்திலிருந்து முன்பணத்தைத் தலையாகவோ தலை அச்சிட்ட உறையாகவோதான் செலுத்த வேண்டும் என்றும் ஆனது. தலையில்லாக் கடிதங்களின் காலம் இத்துடன் ஏறக்குறைய முடிகிறது.

இந்த இடத்தில் வெல்ஸ் ஃபார்கோவை விட்டுவிட்டுப் போக முடியாது. 1852-இல் தொடங்கிய, கடிதங்களையும் சுமந்த இந்தத் தனியார் நிறுவனத்தின் உறைகள், மேற்கு எல்லைச் சேகரிப்பில் இறங்குபவருக்கு மிக எளிதாகக் கிடைக்கும் பொருள். உறையின் வலது மூலையில் அரசின் 3 சென்ட் அச்சு. மேற்புறத்தில் நிறுவனத்தின் பெயரோடு, கட்டணம் செலுத்தப்பட்டது என்ற வாசகம். அரசுத் தபாலில் போகாமல் நிறுவனத்தின் ஆட்களே கொண்டுசென்ற கடிதம் இது. ஆனாலும் அரசின் தபால் கட்டணத்தையும் செலுத்தித்தான் ஆக வேண்டும் என்பது சட்டம். ஆக, அனுப்பியவர் இரண்டு பேருக்கும் பணம் கட்டியிருக்கிறார்.

எதற்காக இரண்டு முறை? சுரங்க முகாம்களுக்கு அஞ்சலகம் எளிதில் போய்ச் சேரவில்லை. முகாம் ஒரு பள்ளத்தாக்கில் முளைக்கும், சில மாதங்களில் இன்னொன்றுக்கு நகர்ந்துவிடும். அஞ்சலகம் திறக்க வாஷிங்டனிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த இடைவெளியில்தான் தனியார் எக்ஸ்பிரஸ்காரர்கள் நுழைந்தார்கள். 1849-இல் அலெக்ஸாண்டர் டாட் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோ அஞ்சலகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் சார்பில் கடிதங்களை வாங்கி முகாமுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கடிதத்துக்கு ஒரு அவுன்ஸ் தங்கத்தூள் கூலி. அப்படிச் சிறு சிறு ஆட்களாக இருந்த தொழிலைப் பிறகு பெரிய நிறுவனங்கள் விழுங்கின. 1855 பிப்ரவரியில் போட்டி நிறுவனமான ஆடம்ஸ் நொடித்துவிழ, வெல்ஸ் ஃபார்கோ முன்னணிக்கு வந்தது. 1895 வரை கடிதங்களைச் சுமந்தது. ஊர் பெயர் தெளிவாக விழுந்த சாதாரண உறை ஒன்றை ஐம்பது டாலருக்குள் வாங்கிவிடலாம். புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். அரசும் தனியாரும் ஒரே தாளில் நிற்பதை வேறு எதுவும் இவ்வளவு எளிதாகக் காட்டாது.

இனி என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்த உறை. மங்கிய மஞ்சள் தாள், பச்சை 10 சென்ட் தலை, மாசசூசெட்ஸ் முகவரி. இடது கீழ் மூலையில், முகவரி எழுதிய அதே கையில், 'ஓவர்லேண்ட் வயா லாஸ் ஏஞ்சலஸ்' (லாஸ் ஏஞ்சலஸ் வழியாகத் தரைவழியில்) என்ற குறிப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ முத்திரையில் ஜூன் 17 என்று படிக்க முடிகிறது. ஆண்டு படிக்க முடியாத அளவுக்கு மை மங்கியிருக்கிறது. உள்ளே கடிதம் இல்லை.

குறிப்பு சொல்வது, பட்டர்ஃபீல்ட் என்பவர் அரசு ஒப்பந்தத்தில் கோச்சு வண்டிகளில் நடத்திய தரைவழி அஞ்சலை. மிசூரியிலிருந்து டெக்சாஸ், எல் பாசோ, யூமா கோட்டை, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ வரை சுமார் 2,800 மைல். வாரம் இரு முறை. 25 நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அரசு ஆண்டுக்குத் தந்தது 6 லட்சம் டாலர். 1858 செப்டம்பரில் தொடங்கி, உள்நாட்டுப் போர் மூளும் நேரத்தில், 1861 வசந்தத்தில், அந்தத் தென்பாதை கைவிடப்பட்டது. அப்படியானால் இந்தச் சேவையில் ஜூன் மாதம் வந்தது 1859-இலும் 1860-இலும் மட்டும்தான். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வண்டி புறப்பட்டது திங்கள், வெள்ளிக் கிழமைகளில். நாள்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 1859 ஜூன் 17 வெள்ளிக்கிழமை. 1860-இல் அதே தேதி ஞாயிறு. உறையின் பின்புறத்தில் பெற்றவர் பென்சிலால் 'ஜூலை 13' என்று குறித்திருக்கிறார். மிசூரிக்கு மூன்று வாரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து ரயிலில் கிழக்கே சில நாள் என்று வைத்தால் அந்த 26 நாளும் பொருந்துகிறது.

அந்தக் குறிப்பை எழுதியவர் விவரம் தெரிந்தவர். 1859 இறுதி வரை, உறையில் தரைவழி என்று எழுதாத கடிதம் பனாமா கப்பலுக்குத்தான் போகும். அதன் பிறகு நிலைமை தலைகீழானது: எழுதாதது தரைவழியில் போனது, கப்பல் வேண்டுமென்றால் அதை எழுத வேண்டியிருந்தது. ஜூன் 1859-இல் அந்த நான்கு சொற்களை எழுதாதிருந்தால், இந்த உறை அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்திருக்கும். ஒரு தலை, ஒரு தேதி, மூலையில் ஒரு வரி, பின்புறம் ஒரு பென்சில் குறிப்பு. கடிதம் தொலைந்துபோன ஒரு வெற்று உறையிலிருந்து கிழமை உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட முடிந்த அந்த மாலை எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

போனி எக்ஸ்பிரஸ் இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. 1860 ஏப்ரல் 3 முதல் 1861 அக்டோபர் வரை, செயின்ட் ஜோசஃபிலிருந்து சாக்ரமென்டோ வரை குதிரை வீரர்கள் மாறி மாறிச் சுமார் பத்து நாளில் ஓடிய சேவை அது. தொடக்கத்தில் அரையவுன்ஸுக்கு 5 டாலர், அரசுக் கட்டணம் தனி. 1861 ஜூலையில் அது ஒரு டாலராகக் குறைந்தது. கண்டம் தாண்டிய தந்தி இணைந்ததும் சேவை நின்றது. இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டவை ஏறத்தாழ 250 உறைகள். அவற்றின் விலை எனக்கு எட்டாது. என் கேள்வி சாதாரண மனிதர் கட்டிய தபால் கட்டணத்தைப் பற்றியது என்பதால் போனி இல்லாமலேயே வரிசை நிறைவு பெறும் என்பது என் முடிவு. அதன் வீரம் உண்மையானது. ஆனால் அதன் புகழ் பட்டர்ஃபீல்டை மறைத்துவிட்டது, அது நியாயமில்லை.

போனி முத்திரைக்கு இவ்வளவு விலை இருப்பதால் போலிகளும் உண்டு. நான் வாங்கிய வேறோர் உறையில் தலை பின்னர் சேர்க்கப்பட்டது என்று தலைகளின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் நியூயார்க் ஃபிலடெலிக் ஃபவுண்டேஷனின் சான்றிதழ் சொன்னது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அதிலிருந்து, முத்திரையின் மை தலையின் விளிம்பைத் தாண்டித் தாளிலும் தொடர்ச்சியாகப் படிந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே விலை பேசுகிறேன். சேகரிப்பைப் போட்டு வைக்கும் மேலுறைகள் பாலியெஸ்டர் மட்டுமே. பிவிசி மேலுறைகள் காலப்போக்கில் தாளையும் தலையையும் கெடுக்கும்.

கடைசிப் படியான 3 சென்ட், 1863 ஜூலை 1-இல் வந்தது. தொலைவுக் கணக்கே ஒழிந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். யூட்டாவின் ப்ராமன்டரியில் கண்டம் தாண்டும் ரயில்பாதை இணைய இன்னும் ஆறு ஆண்டு இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோச்சு வண்டியில் மலையும் பாலைவனமும் தாண்டிய கடிதத்துக்குத்தான் இந்த 3 சென்ட். இத்தகைய உறைகள் ஏராளம், இருபது டாலருக்குள்ளேயே கிடைக்கின்றன. சாக்ரமென்டோவிலிருந்து ஒஹாயோவுக்குப் போன ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது வேறு. 1861 பிப்ரவரி 27-ஆம் தேதிச் சட்டம், ராக்கி மலைத்தொடரைக் கடக்கும் எந்தக் கடிதத்துக்கும், தொலைவு எதுவானாலும், 10 சென்ட் என்றது. மறுநாள் கொலராடோ பிரதேசம் உருவானது. விளைவு: டென்வரிலிருந்து கிழக்கே நியூயார்க்குக்கு 3 சென்ட், மேற்கே மிக அருகில் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்கு 10 சென்ட். 1861 ஆகஸ்டில், பிரிந்துபோன தென் மாநில அஞ்சலகங்களில் பழைய தலைகள் சிக்கியதால், அவை எல்லாமே செல்லாதவை ஆக்கப்பட்டு, புதிய தலைகள் வந்தன. அந்தப் புதிய 10 சென்ட் பச்சைத் தலையோடு, இரண்டு ஆண்டுக்கும் குறைந்த அந்த இடைவெளியில், டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்குப் போன ஓர் உறை வேண்டும். விற்பனையாளர்களின் கொலராடோ பெட்டிகளில் தேடிச் சலித்துவிட்டேன். பெறுநரின் வீட்டில்தானே உறை தங்கியிருக்கும். அதனால் சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டாவின் குடும்பங்களின் கடிதக் கட்டுகள் பிரிந்து ஏலத்துக்கு வரும்போதெல்லாம் பட்டியலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால், விற்காவிட்டாலும் பரவாயில்லை, முன்பக்கத்தின் படம் ஒன்றையாவது காட்டுங்கள்.