தில்லியின் ஊர்த்தேவதை

எந்த ஊருக்குச் சுவாமி தரிசனத்துக்குப் போனாலும், முதலில் அந்த ஊர்த்தேவதையின் சந்நிதியில் நின்று, "உன் எல்லைக்குள் வந்திருக்கிறேன் தாயே" என்று சொல்லிவிட்டுத்தான் பெரிய கோயிலுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் பாட்டி போட்டிருந்த சட்டம். கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் அதற்கென்றே ஒரு பிடாரி கோயில் இருந்தது. தில்லிக்கு நான் ஆறேழு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட்டுத் திரும்பியதோடு சரி. இத்தனை பெரிய தலைநகருக்கு ஊர்த்தேவதை யார் என்ற கேள்வியே எழுந்ததில்லை. சென்ற புரட்டாசியில் போனபோது அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, விடியற்காலையிலேயே குளித்து மெஹ்ரோலிக்குக் கிளம்பினேன்.

தில்லி என்றால் செங்கோட்டையும் இந்தியா கேட்டும்தான் நம் கண்முன் வரும். அவை எல்லாம் பின்னால் வந்தவை. இன்று மெஹ்ரோலி என்று அழைக்கப்படும் தென்மேற்குப் பகுதியில், பதினோராம் நூற்றாண்டில் தோமர் அரசன் அனங்கபாலன் லால் கோட் என்ற கோட்டையைக் கட்டினான். பிற்காலத்தில் அடுத்தடுத்து எழுந்த தில்லிகளுக்கெல்லாம் மூத்தது அதுதான். பழைய சமண நூல்கள் இந்த ஊரை யோகினிபுரம் என்று குறிக்கின்றன. அந்தப் பெயருக்குரியவளாகச் சொல்லப்படும் யோகமாயா, குதுப் மினாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறாள்.

குதுப் மினார் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். யோகமாயா மந்திர் என்று நான் இரண்டு முறை சொல்லியும், ஓட்டுநர் வெளியூர் முகத்தைப் பார்த்ததும் முடிவு செய்துகொண்டவராக, மினாரின் நுழைவுச்சீட்டு வரிசை முன்பாகவே இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே போக ஆசை வந்தது. ஆனால் பாட்டியின் சட்டம் நினைவுக்கு வந்ததால் வாசலைக் கடந்து, மதில் ஓரமாகவே நடந்தேன். சற்றுத் தொலைவில் மேட்டின்மீது எண்கோண வடிவில் ஒரு பெரிய கல்லறை தெரிந்தது. அக்பரின் வளர்ப்புத் தாய் மாஹம் அங்காவின் மகன் ஆதம் கான், 1562இல் அமைச்சர் ஒருவரைக் கொன்றதற்காக ஆக்ரா கோட்டை மதிலிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டான். மகன் போன துக்கத்தில் சில வாரங்களிலேயே தாயும் இறந்துபோக, இருவரையும் அக்பர் இங்கே அடக்கம் செய்வித்தார். அதன் அருகில் பிரியும் ஒரு குறுகிய சந்துக்குள்தான் அம்மனின் கோயில்.

ராஜகோபுரத்தையும் கொடிமரத்தையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோயில் பாண்டவர் காலத்தது என்பது ஊர் நம்பிக்கை. இப்போதுள்ள கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முகலாய அரசர் இரண்டாம் அக்பரின் காலத்தில் எழுப்பப்பட்டது. அகலமான முற்றம், வெள்ளையடித்த சுவர், சிறிய கருவறை, அவ்வளவுதான். கருவறைக்குள் நின்று பழக்கப்பட்ட உயரத்தில் கண்ணை ஓட்டினால் அம்மனைக் காண முடியாது. தரையில் பளிங்கு பதித்த சிறு பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்குள், சிவப்புத் துணியும் ஜரிகையும் பூவும் மூடியிருக்க, கருங்கல் வடிவாக அவள் அமர்ந்திருக்கிறாள். கை, கால், ஆயுதம் எதுவும் கிடையாது. மேலே கூரையிலிருந்து சிறு விசிறிகள் தொங்குகின்றன. குனிந்து பார்த்தால்தான் தரிசனம். முழங்கால் வலியோடு நான் மண்டியிட்டபோது, நம் ஊரில் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி வைத்திருக்கும் கல்லுக்கு முன்னால் குனிவது போலவே இருந்தது.

கதை நமக்குப் புதிதல்ல. யசோதைக்குப் பிறந்து, கண்ணனுக்கு மாற்றாகச் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்குழந்தையைக் கம்சன் காலைப் பிடித்துக் கல்லில் அறைய ஓங்கியபோது, அவன் கையிலிருந்து நழுவி, எட்டுக் கைகளோடு ஆகாயத்தில் நின்று, "உன்னைக் கொல்லப் போகிறவன் வேறிடத்தில் பிறந்துவிட்டான்" என்று சொன்னாளே, அவள்தான் இவள். உலகில் அவள் பெறப்போகும் பெயர்களைப் பாகவதம் வரிசையாகச் சொல்லும்போது துர்க்கை, பத்ரகாளி, நாராயணி என்பவற்றோடு கன்யகா என்றும் ஒரு பெயர் வரும். குமரிமுனையில் நிற்பவளை அந்தப் பெயரோடு சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

கையில் சிவப்பு மஞ்சள் நூல் கட்டிவிட்ட பூசாரி, எந்த ஊர் என்று கேட்டார். கும்பகோணம் என்றேன். "ராமேசுவரத்துக்குப் பக்கமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தில்லியிலிருந்து பார்த்தால் பக்கம்தானே. ஒரு பிடி சர்க்கரை பதாசாவைப் பிரசாதமாகக் கொடுத்தார். இங்கே மதுவும் மாமிசமும் படைப்பதில்லை.

தொங்கும் விசிறிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் அக்பரின் மகன் மிர்சா ஜஹாங்கீர், ஆங்கிலேயப் பிரதிநிதியைச் சுட முயன்றதற்காக அலகாபாத்துக்கு நாடு கடத்தப்பட்டான். மகன் திரும்பி வந்தால், 1235இல் மறைந்த சூபி ஞானி குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்குப் பூப்போர்வை சாத்துவதாகத் தாய் வேண்டிக்கொண்டாள். அவன் வந்தான், வேண்டுதல் நிறைவேறியபோது யோகமாயாவுக்கும் பூவிசிறி சாத்தப்பட்டது. அதுவே பூல் வாலோங் கீ சைர் என்ற பூவியாபாரிகள் திருவிழாவாக வளர்ந்தது. 1942இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது. 1960களின் தொடக்கத்தில் நேருவின் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. கோயிலுக்கு முஸ்லிம்களும் தர்காவுக்கு இந்துக்களும் சேர்ந்தே பூ கொண்டுபோகிறார்கள்.

அம்மனிடம் உத்தரவு வாங்கிய பிறகே மினார் வளாகத்துக்குள் நுழைந்தேன். 72.5 மீட்டர் உயர மினாரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததைவிட, அதன் அடியில் உள்ள மசூதியின் தூண்களைப் பார்த்துத்தான் நெஞ்சு கனத்தது. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் கீழைவாசல் கல்வெட்டே சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணிகள், பூரண கும்பங்கள், முகம் சிதைக்கப்பட்ட உருவங்கள்; ஒரு தூணின் மணியை விரலால் தடவியபோது நாக்குகூடத் தெளிவாக இருந்தது.

முற்றத்தின் நடுவே இரும்புத் தூண் நிற்கிறது. 7 மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அதைப் பார்க்க வருகிறவர்கள் அது துருப்பிடிக்காததையே பேசுகிறார்கள். இரும்பில் உள்ள பாஸ்பரஸ் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குவதே அதற்குக் காரணம். என் மனம் கல்வெட்டில்தான் நின்றது. சந்திரன் என்ற அரசன் விஷ்ணுபதம் என்ற குன்றில் திருமாலுக்கு நிறுத்திய கொடிக்கம்பம் இது. அவனை இரண்டாம் சந்திரகுப்தன் என்பர். வேறிடத்திலிருந்து பிறகு இங்கே வந்தது. ஆக, நான் தேடிய கொடிமரம் அண்ணனுடையதாகத் தங்கையின் கோயிலுக்கு அருகிலேயே, 1997இல் போட்ட வேலிக்குள் நின்றுகொண்டிருந்தது. அவனது வீரத்தின் காற்றால் தென்கடல் இன்னும் மணக்கிறது என்றொரு வரியும் அதில் உண்டு. தென்கடலோரத்துக்காரனாகிய எனக்கு, அது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றியது.

மாலையில் மலை மந்திருக்குப் போனேன். 1973இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கருங்கல் கோயிலில், எங்கள் சுவாமிமலை அப்பனே உத்தர சுவாமிநாதனாக நிற்கிறான். திருநீறு வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த முதியவர் என் மணிக்கட்டு நூலைப் பார்த்து எங்கே கட்டியது என்று விசாரித்தார். சொன்னேன். மாயவரத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாகத் தில்லியில் இருக்கிறாராம்; பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி, போனதில்லை என்றார். வழி கேட்டார். குதுப் மினார் வாசலில் ஆட்டோவை நிறுத்தவிடாதீர்கள், ஆதம் கான் கல்லறை வரைக்கும் போகச் சொல்லுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.