அரை மில்லி

இந்தக் கடற்கரைக்கு மயக்க மருந்து மருத்துவராக வந்த புதிதில், சிசேரியனுக்கு ஸ்பைனல், அதாவது முதுகில் போடும் மரப்பு ஊசி என்றால், பியூபிவகெயின் ஹெவி என்ற மரப்பு மருந்து 2.2 மில்லி, அவ்வளவுதான். மண்டபம் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணை இன்னும் மறக்கவில்லை. கடலில் பாசி எடுப்பவர். மார்பு மட்டம் வரை ஊசி முனையால் குத்திப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். குழந்தை வந்து, கர்ப்பப்பையை வெளியே எடுத்துத் தைக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"உள்ளுக்க வலைய இழுக்குற மாதிரி இருக்கு டாக்டரம்மா."

"இழுக்கிறது தெரியும் தாயி, வலிக்காது" என்றேன். எல்லோரும் சொல்கிற சமாதானம்தான். அவர் நெற்றி முழுக்க வியர்வை. வலித்திருக்கிறது.

தோல் மரத்துப்போனாலும் உள்ளுறுப்பு இழுபடும் வலி தப்பி வந்துவிடும். அதைத் தணிக்கத்தான் இப்போது அதே ஊசியில் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்தையும் சேர்க்கிறேன். முதுகுத் தண்டின் பின்கொம்பில், வலிச் செய்தி வந்து சேரும் இடத்தில், உள்ள ஓபியாய்டு ஏற்பிகளில் அது உட்கார்ந்துகொள்கிறது. கால் அசைவை அது கூடுதலாகக் கட்டுவதில்லை. ஹெவியையும் 1.8 மில்லியாகக் குறைக்க முடிந்தது. பிரஷர் முன்போலச் சரிவதில்லை.

அளவுதான் பயம். 25 மைக்ரோகிராம் என்பது அரை மில்லி. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் (ஒரு மில்லிக்கு 40 கோடு) 20 கோடு. அவசரத்தில் ஒரு மில்லிக்கு 100 கோடு உள்ள 100 யூனிட் சிரிஞ்சை எடுத்து அதே 20 கோடு வரை இழுத்தால் 10 மைக்ரோகிராம்தான் வரும். மூடியின் நிறத்தை இரண்டு முறை பார்ப்பேன். இரண்டு மில்லி ஆம்பூலில் மீதி ஒன்றரை மில்லியைச் சாட்சி வைத்துக் கொட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த எழுத்து வேலை ஸ்பைனல் போடுவதைவிட நேரம் எடுக்கும்.

"மார்ஃபின் போட்டால் ஒரு நாள் முழுக்க வலி இருக்காதே" என்று சர்ஜன் கேட்பார். உண்மைதான். ஆனால் அது தண்டுவட நீரில் மெல்ல மேலேறி, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சைக் குறைக்கலாம். எங்கள் வார்டில் ராத்திரி ஒரே ஒரு சிஸ்டர். மணிக்கொரு தரம் மூச்சை எண்ண அவருக்கு எங்கே நேரம்? நான் போடுவதில்லை. ஃபென்டனில் சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் வேறு வலி மருந்து கொடுத்துக்கொள்ளலாம்.

முதல் சில பேருக்கு ஃபென்டனிலால் வரும் அரிப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஒருவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "சொறி பட்ட மாதிரி நமநமங்குது" என்றார். கடலில் மிதக்குமே ஜெல்லிமீன், அந்தச் சொறி. சிஸ்டர் ஏவில் என்ற ஒவ்வாமை மருந்தை எடுக்க ஓடினார். இது ஒவ்வாமை இல்லை, ஏவில் பெரிதாகக் கேட்காது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இப்போது ஊசிக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர், தையல் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டார்: "எங்கக்காவுக்கு மூக்கு அரிச்சுச்சாம். எனக்கு அரிக்கவே இல்லையே, அந்த மருந்த போடலயா டாக்டரம்மா?"