டிரைவர் விடுதலை ஆன பிறகு எங்கள் இழப்பீட்டு வழக்கு

லாரி மோதி அப்பா இறந்ததற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாங்கள் போட்ட வழக்கில், போன வாரம் உத்தரவின் நகல் கைக்கு வந்தது. லாரி டிரைவரின் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது என்ற வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அதே டிரைவரைத்தான் குற்ற வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட் விடுதலை செய்திருந்தது.

எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. 304ஏ (கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம்) விசாரணையில்தான் டீக்கடைக்காரர் "நான் எதையும் பார்க்கவில்லை" என்று பிறழ்சாட்சியாகிவிட்டார். சந்தேகத்தின் பலன் டிரைவருக்குப் போனது. "இனி எம்.சி.ஓ.பி.யும் (இழப்பீட்டு மனுவும்) நிக்காது" என்று சொந்தக்காரர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

அரசு வழக்கறிஞர் தீர்ப்பாயத்துக்கு வந்து எங்களுக்காகப் பேசுவார் என்று நம்பி, மூன்று நாள் லீவு போட்டு அலைந்தேன். மூன்றாம் நாள் வராந்தாவில் நின்றபடியே, "தம்பி, நான் அரசுக்கு ஆஜரான ஆள். இழப்பீடு உங்க வக்கீல் பார்க்க வேண்டியது" என்றார். வயிறு எரிந்தது. ஆனால் சட்டப்படி அவர் சொன்னது சரிதான். விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு போவதா என்பதையும் அரசுதான் முடிவு செய்யும். பாதிக்கப்பட்ட குடும்பமே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் (2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தின் 413ஆம் பிரிவு) தனியாக மேல்முறையீடு செய்யலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் தேடிப் போயிருக்க வேண்டியது அரசு தரப்பு ஆவணங்களை. ஸ்கெட்ச் (விபத்து இடத்தின் வரைபடம்), மகஜர் (இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் குற்ற வழக்கின் ஆவணக் கட்டுக்குள்தான் இருந்தன. நகல் பிரிவில் "கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுச்சு" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். குற்ற வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள்.

எதிர்பார்த்தபடியே இன்சூரன்ஸ் தரப்பு விடுதலைத் தீர்ப்பைத் தாக்கல் செய்தது. எங்கள் வக்கீல் 1980ஆம் வருட என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கை எடுத்து வைத்தார். தாழ்வாகத் தொங்கிய மின்கம்பி பஸ்ஸில் பட்டு 8 பேர் இறந்த வழக்கு அது. டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையானதால் இழப்பீடும் கிடையாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பாயம் பார்ப்பது எது அதிகம் நடந்திருக்க வாய்ப்புள்ளது என்பதை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பாரம் அங்கே கிடையாது.

அப்புறம் ஒரு ஆட்டோக்காரர். அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர். போலீஸ் சாட்சிப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. நாங்களே தேடிப் பிடித்து தீர்ப்பாயத்தில் விசாரித்தோம். லாரி வலது பக்கம் ஏறி வந்ததை அவர் சொன்னார், ஸ்கெட்ச்சும் அதையே காட்டியது.

இன்னொன்று: குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் வந்திருக்கிறது. நாங்கள் முன்பே மனு போட்டு வைத்திருந்ததால்தான் விடுதலை வந்தபோதும் வழக்கு கையில் இருந்தது.