மண்ணெண்ணெயில் ஊறிய ஓ ரிங்

ஒழுக்கு நின்றுவிட்டது! மாமாவின் படகுக்குரிய பழைய மண்ணெண்ணெய் அவுட்போர்ட் எஞ்சினில், எரிபொருள் நிற்கும் காபரேட்டர் கிண்ணத்தைச் சுற்றி இப்போது ஈரமே இல்லை. கொஞ்சம் பெருமையடிக்கத்தான் போகிறேன்.

அந்தக் கிண்ணத்தில் ஒழுக்கை அடைப்பது ஓ ரிங் என்ற ரப்பர் வளையம். திருகோணமலை டவுனில் எந்த வளையத்தை எடுத்துக் காட்டினாலும் "ஒயில் ரப்பர்தான் தம்பி", எண்ணெய் தாங்கும் என்பார்கள். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரும் கறுப்பு, ஈ.பி.டி.எம்., நியோபிரீன் என்ற மற்ற ரப்பர் வகைகளும் கறுப்பு. கண்ணால் பார்த்து என்ன பிரிப்பது? அதனால் 2.4 மில்லிமீற்றர் தடிப்பு வளையங்களைக் கடை கடையாக வாங்கி, அடையாளத்துக்கு நூல் கட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் இரவு முழுக்கத் தொங்கவிட்டேன். விடிய வேர்ணியர் அளவுகோலால் அளந்தால், சில அப்படியே இருந்தன. சில ஊறிய உளுந்துபோலப் பருத்து 3 மில்லிமீற்றரைத் தொட்டிருந்தன. பருத்தது ஈ.பி.டி.எம்மோ வெறும் இயற்கை ரப்பரோ, எரிபொருளுக்கு இரண்டுமே ஆகாது.

இதோடு நிறுத்தக்கூடாது. எடுத்துக் காயவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசையை மண்ணெண்ணெய் உறிஞ்சிவிடும். காய்ந்ததும் வளையம் முன்னையைவிடச் சுருங்கி இறுகும். மலிவான நைட்ரைலிலும் இது நடக்கும். மாரி முழுக்கக் கரையில் கிடந்த எஞ்சின், கடல் அடங்கி இறக்கும்போது ஒழுகுவது இதனால்தான். கொஞ்சமும் சுருங்காத வளையத்தைத்தான் போட்டேன். வளையம் உட்காரும் பள்ளமான காடியின் ஆழம் 1.9 மில்லிமீற்றர், ஆகவே அரை மில்லிமீற்றர் நசுங்கும், சுமார் 20 வீதம். அதற்கு மேல் நசுக்கி இறுக்குபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

வைட்டன் என்ற ரப்பர் வகை இன்னும் நல்லது, சூட்டையும் தாங்கும், கையில் எடுத்தாலே பாரம் தெரியும். விலைதான் கடிக்கிறது, கொழும்பில் யாராவது சில்லறையாகக் கொடுத்தால் சொல்லுங்கள். பருத்த வகையில் மிஞ்சியவற்றை எறியவில்லை. அவற்றில் ஈ.பி.டி.எம். என்று உறுதியானால் வெயிலுக்கும் சுடுதண்ணீர்க் குழாய்க்கும் அதை அடிக்க வேறில்லை. மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயிலுக்கும் அதுதான், அங்கே நைட்ரைல் போட்டால் கெட்டது.

காபரேட்டர் வேலை முடிந்த கையோடு கியர்ப்பெட்டி கண்ணில் பட்டுவிட்டது. ஒரு பக்கம் கியர் ஒயில், மறுபக்கம் கடல் தண்ணீர். இரண்டும் கலக்காமல் அச்சைச் சுற்றி அடைக்கும் சீலுக்கு நைட்ரைலே போதும். ஆனால் அச்சில் உப்பு தின்ற பள்ளம் இருக்கிறது. முதலில் அதை மெருகேற்ற நல்ல கடைசல்காரர் ஒருவரைப் பிடிக்க வேண்டும்.